செல்போனில் பறக்கும் விண்கப்பல்! வீட்டில் கரையும் பணம்!

பாகூர் ஏரிப் பக்கம் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். மாலை நேரம். தகப்பனார் வயலிலிருந்து திரும்பி வந்து கை, கால் கழுவுகிறார். தாயார் அடுப்படியில் இருக்கிறார். எட்டாம் வகுப்பில் படிக்கும் மகன் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறான். அவன் கையில் அப்பாவின் செல்போன்.

"என்னடா செய்கிறாய்?" என்று கேட்கிறார் தகப்பனார்.

"கப்பலைப் பெரிசாக்குகிறேன், அப்பா!" என்கிறான் மகன்.

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. "சரி, சரி. சாப்பிட வா" என்று சொல்லிவிட்டுப் போகிறார். மாதக் கடைசியில் பாங்கிக் கணக்கைப் பார்க்கும்போதுதான் விஷயம் புரிகிறது. கணக்கில் இருந்த பணத்தில் ஒரு பகுதியைக் காணோம்!

இது கற்பனைக் குடும்பம்தான். ஆனால் செல்போன் நுழைந்த எந்த வீட்டிலும் இது நடக்கலாம். வில்லியனூரிலும் நடக்கலாம், வெளிநாட்டிலும் நடக்கலாம்.

அது என்ன கப்பல்? அதற்கு ஏன் பணம்? அதைச் சட்டம் தடுக்காதா?

எப்படி ஆடுவது?

இது விண்வெளி விளையாட்டு. ஆடுகிறவருக்கு முதலில் ஒரு சின்னக் கப்பல் கொடுப்பார்கள். அதற்குக் காசு கிடையாது. அந்தக் கப்பலில் ஏறி நட்சத்திரங்களுக்கு நடுவே பறக்கலாம். எதிரியோடு சண்டை போடலாம். சுரங்கம் தோண்டலாம். சரக்கு ஏற்றிக்கொண்டு போய் விற்கலாம்.

இதில் தனியாக ஆடுவது இல்லை. உலகத்தின் பல மூலைகளில் இருப்பவர்கள் ஒரே நேரத்தில் ஆடுகிறார்கள். அதனால்தான் போட்டி கடுமையாகிறது. பக்கத்துக் கப்பலின் பீரங்கி பெரிதாக இருந்தால், நம் கப்பல் தோற்றுப் போகும். ஆகவே இயந்திரத்தை மாற்ற வேண்டும். கவசத்தைக் கெட்டியாக்க வேண்டும். பீரங்கியைப் பெரிதாக்க வேண்டும்.

மாட்டு வண்டிக்குப் புதுச் சக்கரம் போடுவது போலத்தான் இதுவும். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. வண்டி நம் வாசலில் நிற்கும். இந்தக் கப்பல் கம்பெனியின் கம்ப்யூட்டரில் நிற்கும்!

பணம் எங்கே நுழைகிறது?

இலவசமாகக் கிடைக்கும் பல விளையாட்டுகளில் தந்திரம் ஒன்றுதான். முதல் தடவை கப்பலை மாற்ற ஒரு நிமிஷம் போதும். அடுத்த தடவை ஒரு மணி நேரம் ஆகும். அதற்கு அடுத்த தடவை ஒரு நாள், இரண்டு நாள் என்று காத்திருக்க வேண்டும். "காத்திருக்க முடியாதா? காசு கட்டு. இப்போதே முடியும்" என்று திரையில் ஒரு பொத்தான் மின்னும்.

விலையையும் ரூபாயில் சொல்வது இல்லை. முதலில் ரூபாய் கொடுத்துக் கற்களோ காசுகளோ வாங்க வேண்டும். பிறகு அந்தக் கல்லைக் கொடுத்துக் கப்பலின் பாகத்தை வாங்க வேண்டும். கல்லைச் செலவழிக்கும் பையனுக்கு, தான் ரூபாயைச் செலவழிக்கிறோம் என்பதே மறந்து போகும்.

ஒரு தடவைக்கு 49 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். டீக்கடைச் செலவு மாதிரித்தான் தோன்றும். தினம் ஒரு தடவை என்றால் மாதம் 1,470 ரூபாய்! கூலி வேலை செய்யும் குடும்பத்துக்கு இது சின்னத் தொகை அல்ல.

21 மணி நேரப் போர்

பெரியவர்களே இதில் எவ்வளவு ஆழமாக இறங்கிவிடுகிறார்கள் என்பதற்கு ஓர் உதாரணம் உண்டு.

ஐஸ்லாந்து என்பது ஐரோப்பாவின் வட கோடியில் இருக்கும் தீவு நாடு. அங்கே உள்ள சி.சி.பி. என்ற கம்பெனி, 2003-ம் ஆண்டில் "ஈவ் ஆன்லைன்" என்ற விண்வெளி விளையாட்டை வெளியிட்டது. அதில் இருக்கும் மிகப் பெரிய கப்பலுக்கு "டைட்டன்" என்று பெயர். அதைக் கட்ட மாதக்கணக்கில் பாடுபட வேண்டும். ஒருவரால் முடியாது. ஊரே கூடித் தேர் இழுப்பது போலப் பலர் சேர வேண்டும். அந்தக் கப்பல் உடைந்தால் உடைந்ததுதான். திரும்பக் கிடைக்காது.

2014-ம் ஆண்டு ஜனவரி 27-ந் தேதி அந்த விளையாட்டில் ஒரு பெரும் போர் மூண்டது. காரணம் என்ன தெரியுமா? ஒரு கூட்டத்தார் தங்கள் இடத்துக்குக் கட்ட வேண்டிய விளையாட்டு வாடகை, கெடுவுக்குள் கட்டப்படவில்லை. உடனே எதிரிகள் பாய்ந்துவிட்டார்கள்!

சுமார் 21 மணி நேரம் போர் நடந்தது. 7,500 பேருக்கு மேல் அதில் கலந்துகொண்டார்கள். 75 டைட்டன் கப்பல்கள் நொறுங்கின. நிஜப் பணத்தில் கணக்குப் போட்டால் நஷ்டம் சுமார் 3 லட்சம் டாலர் என்று மதிப்பிட்டார்கள்.

"ஸ்டார் சிட்டிசன்" என்று இன்னொரு விண்வெளி விளையாட்டு. 2012-ம் ஆண்டிலிருந்தே அதற்காகப் பொது மக்களிடம் பணம் திரட்டுகிறார்கள். கப்பல்களை விற்றுத்தான் திரட்டுகிறார்கள். ஏராளமான கப்பல்களை ஒரே கட்டாகச் சேர்த்து 2018-ம் ஆண்டில் விற்பனைக்கு வைத்தார்கள். விலை 27,000 டாலர். அப்போதைய மதிப்பில் சுமார் 18 லட்சம் ரூபாய்! அந்த விளையாட்டு 2025-ம் ஆண்டு முடியும் வரையில் முழுமையாக வெளிவரவில்லை. விளையாட்டு முடியும் முன்பே கப்பல் விற்பனை நடக்கிறது!

பெட்டிக்குள் என்ன?

இதைவிட மோசமானது "அதிர்ஷ்டப் பெட்டி" வியாபாரம். பணம் கொடுத்து ஒரு பெட்டி வாங்க வேண்டும். உள்ளே கப்பலுக்கு வேண்டிய நல்ல பாகம் இருக்கலாம். உதவாத பொருளும் இருக்கலாம். திறந்த பிறகுதான் தெரியும்.

2017-ம் ஆண்டு நவம்பரில் "ஸ்டார் வார்ஸ் பேட்டில்பிரண்ட்-2" என்ற விளையாட்டு வெளிவந்தது. வீரனுக்கும் விண்கப்பலுக்கும் பலம் சேர்க்கும் சீட்டுகளை இப்படிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். பல நாடுகளில் எதிர்ப்புக் கிளம்பியது. வெளியீட்டுக்கு முன்பே, பணம் வாங்கிப் பெட்டி கொடுப்பதைக் கம்பெனி நிறுத்தி வைத்தது. 2018-ம் ஆண்டில் பெல்ஜியம் நாட்டுச் சூதாட்டக் கண்காணிப்புக் குழு சில விளையாட்டுகளை ஆராய்ந்தது. "காசுக்கு விற்கும் இந்தப் பெட்டி சூதாட்டமே" என்று முடிவு செய்தது.

நம் நாட்டுச் சட்டம்

புதுச்சேரியின் கிராமங்கள் தமிழ்நாட்டு எல்லையோடு பின்னிக் கிடக்கின்றன. பாகூரைத் தாண்டினால் கடலூர் மாவட்டம். வில்லியனூரைத் தாண்டிப் போனால் விழுப்புரம் மாவட்டம். எல்லை மாறினால் மாநிலச் சட்டமும் மாறும்.

ஆன்லைன் சூதாட்டத்தைத் தடுக்கத் தமிழ்நாடு தனிச் சட்டம் செய்தது. அது 2023-ம் ஆண்டு ஏப்ரலில் அமுலுக்கு வந்தது. அந்தச் சட்டம் எல்லைக் கல்லோடு நின்றுவிடும். புதுச்சேரிக்குப் பொருந்தாது.

2025-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் பார்லிமெண்டு ஒரு சட்டம் செய்தது. 22-ந் தேதி ஜனாதிபதி ஒப்புதல் கொடுத்தார். இது நாடு முழுவதற்கும் செய்த சட்டம். புதுச்சேரிக்கும் உண்டு. பணம் கட்டி, பணம் ஜெயிக்கலாம் என்று ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை இது தடை செய்கிறது. அப்படிப்பட்ட விளையாட்டை நடத்துகிறவருக்கு 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

அப்படியானால் விண்கப்பலும் தடை ஆகிவிட்டதா?

இல்லை! இங்கேதான் பெற்றோர் கவனிக்க வேண்டும். சட்டம் பிடிப்பது பந்தயத்தை. பணம் கட்டினால் பணம் வரும் என்ற ஆசையை. கப்பலைப் பெரிதாக்கப் பணம் கட்டுகிற பையனுக்குப் பணம் திரும்பி வருவது இல்லை. வெறும் சந்தோஷம்தான் வருகிறது. ஆகவே அது பந்தயக் கணக்கில் சேராது. பொழுதுபோக்குக் கணக்கில் சேரும்.

"அரசாங்கம்தான் தடை போட்டுவிட்டதே" என்று நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. சூதாட்டத்துக்குச் சட்டம் காவல். கப்பலுக்கு வீடுதான் காவல்!

வீட்டில் செய்ய வேண்டியது

செல்போனைப் பிடுங்கி ஒளித்து வைப்பதால் பயன் இல்லை. பையன் பக்கத்து வீட்டில் போய் ஆடுவான். இந்த விளையாட்டில் நல்லதும் இருக்கிறது. கணக்குப் போட வைக்கிறது. கூட்டாக வேலை செய்யப் பழக்குகிறது. திறமைப் போட்டியாக நடக்கும் மின் விளையாட்டுகளைப் புதிய சட்டமே ஆதரிக்கிறது. கெடுதல் எல்லாம், பணம் பறக்கும் வழி திறந்து கிடப்பதில்தான்.

அந்த வழியை அடைக்கலாம். பணம் அனுப்பும் ரகசிய எண்ணைப் பிள்ளைகளுக்குச் சொல்லக் கூடாது. "பிளே ஸ்டோர்" பகுதியில், எதை வாங்கினாலும் கடவுச்சொல் கேட்கும்படி செய்துவிட வேண்டும். செய்யத் தெரியாவிட்டால், விவரம் தெரிந்த உறவினரிடமோ பள்ளி ஆசிரியரிடமோ கேட்கலாம். இதில் வெட்கம் இல்லை.

தெரியாமல் பணம் போய்விட்டதா? உடனே "பிளே ஸ்டோர்" மூலமே திருப்பிக் கேட்க வேண்டும். 48 மணி நேரத்துக்குள் கேட்டால் கிடைக்க வாய்ப்பு உண்டு. நாள் கடந்தால் கஷ்டம்.

"குறைந்த விலைக்குக் கப்பல் தருகிறேன். உன் போனுக்கு வந்த எண்ணைச் சொல்" என்று யாராவது கேட்டால், அவன் மோசடிக்காரன். அவனிடம் பணம் பறிகொடுத்தவர்கள் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்து புகார் கொடுக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பிள்ளையின் பக்கத்தில் ஒரு பத்து நிமிஷம் உட்கார வேண்டும். "உன் கப்பலைக் காட்டு, பார்க்கலாம்" என்று கேட்க வேண்டும். அவன் ஆசையோடு காட்டுவான். அப்போது, "இதைப் பெரிதாக்க எத்தனை ரூபாய்? அது அப்பாவுக்கு எத்தனை நாள் கூலி?" என்று சேர்ந்து கணக்குப் போடலாம்.

திட்டினால் பையன் ஒளிந்துகொண்டு ஆடுவான். கணக்குப் புரிந்தால், காசு கட்டாமல் காத்திருந்து ஆடுவான். கப்பலும் பறக்கும், வீட்டுப் பணமும் வீட்டில் இருக்கும்.