பாலில் கலந்தது என்ன?

பெங்களூரில் ஒண்டுக்குடித்தனம் நடத்தும் நம்மவர்களுக்கு மாதக் கடைசியில் உறுத்துகிற செலவுகளில் பாலும் ஒன்று. கொடுக்கிற காசுக்குப் பால் வருகிறதா, தண்ணீர் வருகிறதா என்று பார்க்க நாம் நம்புவது லாக்டோமீட்டரை. அதை ஏமாற்றுவது சுலபம். தண்ணீர் சேர்த்தால் பாலின் அடர்த்தி குறையும். கொஞ்சம் சர்க்கரையைக் கரைத்துவிட்டால் மறுபடி ஏறிவிடும். கரைந்திருப்பது இன்னதென்று அந்தக் கருவிக்குத் தெரியாது.

அகச்சிவப்புக் கதிருக்குத் தெரியும். கண்ணுக்குப் புலப்படாத இக்கதிரை 1800-ல் வில்லியம் ஹெர்ஷல் கண்டறிந்தார். மூலக்கூறு ஒவ்வொன்றும் தன் அதிர்வுக்கு ஏற்ற கதிரைத்தான் விழுங்கும். கொழுப்பு சுமார் 5.7 மைக்ரான் அலைநீளத்திலும், புரதம் 6.5-லும், பாலின் சர்க்கரையான லாக்டோஸ் 9.6-லும் விழுங்குகின்றன. முழு நிறமாலையையும் பார்க்கும் இன்றைய கருவிகள் கரும்புச் சர்க்கரையை லாக்டோஸிலிருந்து பிரித்தும் காட்டும்.

இதற்குப் பெரிய முட்டுக்கட்டை தண்ணீரேதான். பசும்பாலில் நூற்றுக்கு 87 பங்கு அதுதான். இக்கதிரை அது பேராசையோடு குடிக்கும். புரதத்தின் மற்றோர் அடையாளம் இருக்கும் 6.1 மைக்ரான் அருகில் வந்து குறுக்கேயும் நிற்கும். இரத்தமோ கண்ணீரோ, எதை எடுத்தாலும் இதே தொல்லை. ஆகவே உயிர்ப்பொருள்களை உலர்த்தி ஆராய்வது வெகுகாலம் வழக்கமாக இருந்தது. கருவாட்டைப் பார்த்து மீன் நீந்தும் அழகைச் சொல்கிற மாதிரிதான் அது!

பால் கருவிகளில் வழி வேறு. கொழுப்புத் திவலைகளை நொறுக்கிச் சீராக்கி, மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான படலமாகப் பாலை ஓடவிடுகிறார்கள். தண்ணீர் விழுங்கியதைத் தனியே அளந்து கழித்துவிடுகிறார்கள். உப்பினால் செய்த ஜன்னல் தண்ணீரில் கரைந்துவிடும் என்பதால் கால்சியம் புளோரைடு ஜன்னல். ஒரு நிமிஷத்துக்குள் முடிவு வந்துவிடும்.

இத்தகைய கருவிகள் பெரிய பால் பண்ணைகளில் இருக்கின்றன. காசு கொடுத்து வாங்குகிறவன்தான் அவற்றைக் கண்ணால் கண்டதில்லை. இது நியாயமா? பெரிய மார்க்கெட்டுகளிலாவது நகராட்சி ஒன்றை வைத்து, ஒரு டம்ளர் பாலோடு வருகிறவருக்குச் சொற்பக் கட்டணத்தில் முடிவை எழுதித் தரவேண்டும். விலை அதிகம் என்று அதிகாரிகள் சொல்லக்கூடும். அதிகம்தான். ஆனால் ஊரே குடிக்கிற பொருளுக்கு அந்தச் செலவு தகும்.

ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. இக்கருவியை அவ்வப்போது ரசாயன முறையில் சோதித்த பாலைக் கொண்டு சரிபார்க்க வேண்டும். இல்லாவிட்டால் நேர்மையான பால்காரரையே அது குற்றவாளியாக்கிவிடும். கருவி வாங்கும்போதே அந்த வேலைக்கு ரசாயனம் படித்த ஒருவரையும் நியமிக்க வேண்டும்.