இருளில் விளக்கு, வெயிலில் திரை

இவ்வாண்டு அறிவியல் கண்காட்சிக்காகப் பழைய கருவிகளைத் திரட்டியபோது எங்கள் வகுப்பு மேசைக்கு இரண்டு கைப்பேசிகள் வந்து சேர்ந்தன. ஒன்று, எங்களுள் ஒருத்தியின் பாட்டி டிரங்குப் பெட்டியில் சேலை மடிப்புக்குள் பத்திரப்படுத்தி வைத்திருந்த நோக்கியா 1100. மற்றொன்று, இன்னொருத்தியின் மாமா நடத்தும் செல்போன் பழுது பார்க்கும் கடையில் மூலையில் கிடந்த மோட்டோபோன் எஃப் 3. இதை வெளியிட்டது மோட்டோரோலா. இரண்டையும் அருகருகே வைத்து, எது சிறந்தது என்று ஓர் அட்டையில் எழுத வேண்டியிருந்தது. அந்த ஒரு வரியை எழுதுவதற்குள் வகுப்பே இரு கட்சியாகப் பிரிந்துவிட்டது. நாங்கள் எந்தக் கட்சியில் நின்றோம், ஏன் நின்றோம் என்பதை இங்கே எழுதுகிறோம்.

நோக்கியா 1100 வெளிவந்தது 2003ஆம் ஆண்டு. நம் பெற்றோரில் பலர் முதன்முதலில் வாங்கிய கைப்பேசி இதுவாகத்தான் இருக்கும். நம் நாட்டில் வரும் அழைப்புக்குக் காசு இல்லை என்று ஆனதும் அதே 2003இல்தான். அதுவரை மணி அடித்தாலே பயந்தவர்கள்கூடத் துணிந்து போன் வாங்கினார்கள். உலகெங்கும் 25 கோடிக்கு மேல் விற்ற கருவி இது. 2005இல் நோக்கியா தன் நூறாவது கோடிக் கைப்பேசியை நைஜீரியாவில் விற்றது. அதுவும் இந்த 1100தான். கேமரா இல்லை, வண்ணத் திரை இல்லை, பாட்டு கேட்க ரேடியோவும் இல்லை. அன்றைக்கு அவை எல்லாம் உள்ள போன்கள் கடைகளில் இருக்கத்தான் செய்தன. ஆனாலும் மக்கள் இதைத் தேடி வாங்கினார்கள்.

காரணத்தை அறிய அதைக் கையில் எடுத்துப் பார்த்தாலே போதும். பொத்தான்களின்மேல் ஒரே ரப்பர் உறை. தூசி உள்ளே போக இடுக்கு இல்லை. வியர்த்த கையிலிருந்து நழுவாதபடி பக்கங்கள் சொரசொரப்பாக இருக்கின்றன. உச்சியில் ஒரு சிறு விளக்கு. 'சி' என்ற பொத்தானை அழுத்திப் பிடித்தால் அது எரியும். மின்வெட்டு நேரத்தில் தீப்பெட்டி தேடிய வீடுகளுக்கு அது எத்தனை பெரிய உதவி! விளக்குக்காகவே அந்தப் போனை வாங்கினோம் என்று சொன்ன பெற்றோர் எங்களில் இரண்டு பேர் வீட்டில் இருக்கிறார்கள். போன் பேசுவதற்கு, விளக்கு நடப்பதற்கு என்று என் அப்பா சொல்வார் என்றாள் ஒருத்தி.

நிற்க. மோட்டோபோனை நாங்கள் குறைத்துச் சொல்ல வரவில்லை. 2006 நவம்பரில் வெளிவந்த அந்தக் கருவி ஒரு விஷயத்தில் தன் காலத்தைத் தாண்டியது. 1100இன் தடிப்பு 20 மில்லிமீட்டர். இதன் தடிப்பு 9 மில்லிமீட்டரே. இதன் திரை சாதாரணக் கண்ணாடித் திரை அன்று. மின்மை என்று சொல்லப்படும் வகையைச் சேர்ந்தது. மயிரிழை அளவுள்ள நுண்ணிய குமிழ்களுக்குள் வெள்ளைத் துகளும் கறுப்புத் துகளும் மிதக்கின்றன. மின்னூட்டம் மாறும்போது ஒரு நிறம் மேலே வருகிறது, மற்றது கீழே இறங்குகிறது. மேலே வந்த துகள் அப்படியே நின்றுவிடுவதால், எழுத்து மாறும்போது மட்டுமே மின்சாரம் செலவாகும். உச்சி வெயிலில் அச்சடித்த தாளைப் போலத் தெளிவாகத் தெரியும். வயலிலும் சாலையோரத்திலும் நின்று வேலை செய்பவர்களுக்கு இதைவிட நல்ல திரை ஏது? அத்துடன், படிக்கத் தெரியாதவர்களுக்காக அது உள்ளூர் மொழிகளில் குரல் கொடுத்து வழி காட்டியது. எதிர்க்கட்சித் தோழியர் இந்தக் குரலைத்தான் தங்கள் பெரிய வாதமாக வைத்தார்கள். 2001ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் ஏழு வயதைக் கடந்த பெண்களில் நூற்றுக்கு 54 பேர்தான் எழுத்தறிந்தவர்கள். "மீதி 46 பேரை நினைத்துச் செய்த போன் இது, உங்கள் 1100 அவர்களை நினைத்ததா?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். சிறிது நேரம் எங்களிடம் பதில் இல்லை.

பிறகு திரையை உற்றுப் பார்த்தோம். மோட்டோபோனின் திரையில் எழுத்தைப் புள்ளிகளால் வரைவதில்லை. கணக்குப்பொறியில் எண்கள் தெரிவதுபோல, முன்பே வெட்டி வைத்த கோட்டுத் துண்டுகள் சேர்ந்து எழுத்தாகின்றன. ஒரு வரிக்கு ஆறு எழுத்து, இரண்டு வரி, ஆகப் பன்னிரண்டு. ஆங்கில எழுத்தை அதில் காட்டலாம். நம் 'ழ'வையோ 'ணை'யையோ அந்தக் கோடுகளைக் கொண்டு யாராலும் காட்ட முடியாது. 1100இன் திரையிலோ அகலத்தில் 96, உயரத்தில் 65 புள்ளிகள் உண்டு. புள்ளி இருந்தால் எந்த எழுத்தையும் வரையலாம்.

இது அற்பக் குறை என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறோம். ஸ்ரீபெரும்புதூரில் 2006 முதல் 2014 நவம்பர் முதல் தேதி வரை நோக்கியாவின் தொழிற்சாலை இயங்கியது. அங்கே வேலை செய்தவர்களில் பெரும்பகுதி இளம் பெண்கள். கிராமங்களிலிருந்து பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு வந்தவர்கள். எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் சித்தியும் அவர்களில் ஒருவர். இரவு ஷிப்டு முடிந்து கிளம்பும்போது சித்தி வீட்டுக்குப் பேச மாட்டாராம். காசு ஆகும், தாத்தா தூக்கமும் கெடும். ஆங்கில எழுத்தில் தமிழை எழுதி ஒரு குறுஞ்செய்தி அனுப்புவார்: ஷிப்டு முடிஞ்சது, பஸ் வரல, அப்பாவ ஸ்டாப்புல நிக்கச் சொல்லு. ஆங்கில எழுத்தில் எண்ணிப் பார்த்தோம். இடைவெளிகளையும் சேர்த்து ஐம்பதுக்கு மேல் வருகிறது. 1100இல் அதை ஓரிரு பார்வையில் வாசித்துவிடலாம். மோட்டோபோனில் பன்னிரண்டு பன்னிரண்டாகத் துண்டு போட்டு, ஐந்து முறை பார்த்து முடிக்க வேண்டும். நாலாம் துண்டுக்கு வரும்போது முதல் துண்டு மறந்துவிடும். இரவில் தனியாக நிற்கும் பெண்ணுக்கு, தான் எங்கே இருக்கிறோம் என்று வீட்டுக்கு எழுதிச் சொல்ல முடிவது சின்ன விஷயமா?

எங்கள் கருத்து இதுதான். இரண்டு நிறுவனமும் ஏழை மக்களையே நினைத்துப் போன் செய்தன. ஒன்று, இவர்களுக்கு மின்சாரம் இல்லை, தூசி அதிகம், ஆனாலும் இவர்கள் எழுதுவார்கள், வாசிப்பார்கள், கணக்குப் போடுவார்கள் என்று எண்ணியது. மற்றொன்று, இவர்களுக்கு எழுத்து வராது, ஆகவே எழுத்து குறைவாக இருந்தால் போதும் என்று எண்ணிவிட்டது. குரல் கொடுத்தது தயவுதான், மறுக்கவில்லை. அந்தக் குரலோடு நல்ல எழுத்தையும் கொடுத்திருந்தால், நாங்களும் எதிர்க்கட்சிக்கே போயிருப்போம். அம்மா படிக்காதவளாக இருந்தாலும் அந்த வீட்டில் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகள் ஒருத்தி இருப்பாளே! அவள் கையில் அந்தப் போன் வந்தால் என்ன செய்வாள் என்று யோசித்திருக்க வேண்டாமா?

எதிர்க்கட்சியார் கடைசியாக ஓர் அம்பை எடுத்தார்கள். "அந்த 1100 யாருடையதோ, அந்தப் பாட்டிக்கே எழுத்துத் தெரியாதே! குரல் சொல்லும் போன் கொடுத்திருந்தால் அவருக்கு எளிதாக இருந்திருக்குமே!" அதற்கு நாங்கள் பதில் சொல்லவில்லை. அன்று மாலை பாட்டியிடமே போய்க் கேட்டோம். பெயர்களைப் பார்த்து எப்படிப் பேசினீர்கள் பாட்டி என்றோம்.

"எழுத்து யாருக்குடி தெரியும்? ஏணி மாதிரி ஆரம்பிச்சா பெரியவ. கொக்கி மாதிரி ஆரம்பிச்சா சின்னவ. பேத்திதான் காட்டிக் குடுத்தா. அப்புறம் மத்ததையும் ஒவ்வொண்ணாக் கேட்டு வச்சுக்கிட்டேன். பஸ் போர்டுகூடப் பாதி தெரியும் இப்ப" என்றார். பிறகு, கண்காட்சி முடிந்ததும் போனை மறக்காமல் கொண்டுவந்து தரும்படியும், பேட்டரி உப்பிவிட்டது, கடைத்தெருவில் இன்னும் புதுசு கிடைக்கிறதாம், வரும்போது ஒன்று வாங்கி வரும்படியும் சொல்லி, முந்தானை முடிச்சை அவிழ்த்து எங்களிடம் பணம் கொடுத்தார்.