முதலில் டெர்மினலைத் திறவுங்கள்

லினக்ஸில் ஃபயர்பாக்ஸ் திறக்க மறுத்தால், உடனே அதை நீக்கிவிட்டு மறுபடி நிறுவுவதுதான் பலருடைய முதல் வேலை. பெரும்பாலும் அது வீண் வேலை. புக்மார்க்குகளும் கடவுச்சொற்களும் அமைப்புகளும் அடங்கிய புரொஃபைல் பொதுவாக உங்கள் ஹோம் கோப்புறையிலேயே தங்கிவிடும். கோளாறு அதில் இருந்தால் புதிதாக நிறுவிய பின்னும் தொடரும். ஐகானைச் சொடுக்கும்போது பிழைச் செய்தி நம் கண்ணில் படுவதில்லை. டெர்மினலில் அதே பிரவுசரைப் பெயர் தட்டி இயக்கினால், தடை எங்கே என்று பெரும்பாலும் அதுவே சொல்லிவிடும். முன்பு இயங்கியது முழுதாக மூடாமல் பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கலாம்; அந்த புராசஸை நிறுத்தினால் போதும். வட்டு நிரம்பியிருக்கலாம். எப்போதோ சூடோ போட்டு இயக்கியதில் கோப்புகளின் உரிமை ரூட் பயனருக்குப் போயிருக்கலாம். அதை உங்கள் பெயருக்கு மாற்றினால் சரியாகும். எதுவும் பிடிபடாவிட்டால் புரொஃபைல் மேலாளரில் புதிய புரொஃபைல் உருவாக்கிப் பாருங்கள். அதில் திறந்தால் கோளாறு பழையதில்தான்; அதை அழிக்காமல் நகலெடுத்து வையுங்கள். 2022-இல் வந்த உபுண்டு 22.04 முதல் ஃபயர்பாக்ஸ் ஸ்னாப் வடிவில் வருகிறது; புரொஃபைலும் ஹோமில் உள்ள ஸ்னாப் கோப்புறைக்குள் இருக்கும். பழைய குறிப்புகள் காட்டும் இடத்தில் தேடி ஏமாறாதீர்கள். கோளாறின் காரணத்தை நாமே கண்டுபிடித்துச் சரிசெய்யும் உரிமைதான் லினக்ஸின் பெருமை. அந்த உரிமையைப் பயன்படுத்துங்கள். நீக்கி நிறுவுவது கடைசி வழியாக இருக்கட்டும்.