காருக்குச் செய்த கப்பும் ஆட்டோவில் போகும் பிள்ளையும்

இன்றைக்குக் கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன். தேத்தண்ணி ஒன்றை ஊற்றிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

போன வாரம் பாடசாலை விட்ட நேரம் ஒரு தாய் கேற்றடியில் என்னை மறித்தார். "டீச்சர், நீங்களாவது சொல்லுங்க. புள்ள ரெண்டு நாளா ஒழுங்கா சோறு திங்குறாள் இல்ல." விசயம் ஒரு தண்ணிக் கப். வகுப்பில் இரண்டு பிள்ளைகள் கைபிடியும் ஸ்ட்ரோவும் வைத்த பெரிய ஸ்டான்லி கப் கொண்டு வருகிறார்கள். இவளுக்கும் அதுதான் வேண்டுமாம்.

அந்தப் பிள்ளையை நானும் கவனித்திருக்கிறேன். பக்கத்துப் பிள்ளைகள் கப்பை மேசைக்கு மேல் வைத்திருப்பார்கள். இவள் பழைய சோடாப் போத்தலைப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டு, குனிந்து, யாரும் பார்க்காத நேரத்தில் இரண்டு மிடறு குடிப்பாள். கச்சான் காற்று அடிக்கிற இந்த மாதங்களில் எங்கள் வகுப்பறை எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். இந்த வெயிலில் ஒரு பிள்ளை தண்ணி குடிக்க வெட்கப்படுகிறது என்பதைச் சின்ன விசயமாக எடுக்க எனக்கு முடியவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

முதலில் விலை. அந்தக் கப்பின் பெயர் குவென்ச்சர். 40 அவுன்ஸ், ஏறக்குறைய 1.2 லீற்றர் பிடிக்கும். அமெரிக்காவில் 45 டொலர். டொலரை 300 ரூபா என்று வைத்தால் 13,500 ரூபா, கொண்டுவரும் செலவு வேறு. அந்தத் தாய் வீட்டில் இருந்து தையல் தைக்கிறவர். எத்தனை சட்டை தைக்க வேண்டும் என்று அவரே கணக்குப் பார்த்திருக்கிறார்.

நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள், ஆகவே அந்தப் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். இந்தப் பாத்திரம் எதுவும் புதிய அதிசயம் இல்லை. 1892இல் ஜேம்ஸ் டிவார் என்ற விஞ்ஞானி, திரவமாக்கிய வாயுக்களைக் குளிராக வைத்திருக்க இரட்டைச் சுவர்க் குடுவை ஒன்றைச் செய்தார். இரண்டு சுவருக்கும் இடையில் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டால் வெப்பம் கடத்தப்படவும் வழியில்லை, காற்றோடு சேர்ந்து நகரவும் வழியில்லை. மிச்சம் கதிர்வீச்சுதான், அதற்குப் பளபளப்பான பூச்சு. மனிதர் காப்புரிமை எடுக்காமல் விட்டுவிட்டார். 1904இல் ஜேர்மனியில் தெர்மோஸ் கம்பனி அதை வியாபாரமாக்கியது. 1913இல் வில்லியம் ஸ்டான்லி கண்ணாடிக்குப் பதிலாக முழுக்க உருக்கில் செய்து காட்டினார். எங்கள் வாப்பாவிடம் இருந்த பிளாஸ்க் கண்ணாடிக் குப்பிதான். கைதவறினால் உள்ளே கலகலவென்று சத்தம் கேட்கும், பிறகு கடைக்குப் போய்க் குப்பி மாற்ற வேண்டும். ஸ்டான்லி செய்தது பெரிய வேலை, அதை மறுக்கவில்லை. ஆனால் அது நூறு வருசத்துக்கு மேல் பழைய வேலை. காற்றில்லாத அந்த இடைவெளிக்குப் பிராண்ட் கிடையாது.

குவென்ச்சர் வந்தது 2016இல். அதன் அடிப்பக்கம் ஏன் ஒடுங்கியிருக்கிறது என்று யாராவது யோசித்தீர்களா? காரில் கப் வைக்கிற பள்ளத்துக்குள் நிற்பதற்காக. ஆளுக்கொரு காரில் வேலைக்குப் போகிறவர்களுக்காகச் செய்த சாமான் அது. எங்கள் பிள்ளைகள் போவது ஆட்டோவில், ஆறு பேர் நெருக்கி, மடியில் பை. ஸ்ட்ரோ வைத்த கப்பைச் சரித்தால் ஒழுகும். இரண்டு தரம் நானே கண்டேன், கொப்பியெல்லாம் நனைந்து மை ஊறி, அந்தப் பிள்ளையும் அழுதது. பணக்காரப் பிள்ளையின் அழுகையும் அழுகைதான்.

2023 நவம்பரில் ஒரு வீடியோ உலகம் முழுக்கச் சுற்றியது. எரிந்துபோன காருக்குள் இருந்த ஸ்டான்லி கப்பில் ஐஸ் அப்படியே கிடந்தது. கம்பனி அந்தப் பெண்ணுக்குப் புதுக் காரே வாங்கிக் கொடுத்தது. நல்ல விளம்பரம்! ஆனால் எங்கள் பிள்ளைக்குத் தேவை காலை 7.30 மணிக்குக் கொண்டு போன தண்ணி 1.30 வரை குளிராக இருப்பது, அவ்வளவுதான்.

சரி, வெறும் வாய்ப்பேச்சு வேண்டாம் என்று வகுப்பிலேயே பார்த்தோம். ஒரு பிள்ளையின் மாமா கட்டாரில் இருந்து அனுப்பிய ஒறிஜினல் கப். நான் பஸ் ஏறப் போகிற வழியில் வாங்கிய, பெயர் தெரியாத, மூடி திருகுகிற சில்வர் போத்தல், 2,000 ரூபாவுக்கு உள்ளே. மூன்றாவது, 'ஸ்டான்லி' என்று எழுத்துப் பொறித்து மலிவு விலைக்குக் கிடைத்த ஒன்று. மூன்றிலும் ஆறு ஆறு ஐஸ் கட்டி, ஒரே அளவு தண்ணி.

கடைசி மணிக்குத் திறந்தோம். ஒறிஜினலில்தான் ஐஸ் அதிகம் மிஞ்சியிருந்தது, உள்ளதைச் சொல்ல வேண்டும். திருகு மூடிப் போத்தலில் மெல்லிய துண்டுகள்தான், ஆனால் தண்ணி பல் கூசும் குளிர். மூன்றாவது பத்து மணிக்கே வெளியால் வியர்த்து மேசையை நனைத்துவிட்டது, உள்ளே பச்சைத் தண்ணி. குளிர் வெளிச்சுவருக்கு வந்தால்தான் வெளியால் வியர்க்கும். அதாவது இடையில் வெற்றிடம் இல்லை, வெறும் இரண்டு தகடு.

ஆக எனக்குக் கோபம் விலை கூடிய கப்பில் இல்லை, இந்த மூன்றாவதில்தான். வசதி குறைந்த தாய் பிள்ளையின் முகத்துக்காக இதைத்தான் வாங்குவார். ஒரு மாதத்தில் பிள்ளைகள் கண்டுபிடித்து 'டூப்பு' என்று சிரிப்பார்கள். காசும் போய், மானமும் போய்.

கடையில் ஐஸ் போட்டுப் பார்க்க விடமாட்டார்கள். ஆனால் சுடுதண்ணி கொஞ்சம் கேட்டு ஊற்றி, மூடி, ஐந்து நிமிடம் கழித்து நடுப்பகுதியைத் தொட்டுப் பாருங்கள். சுட்டால் அங்கேயே திருப்பிக் கொடுங்கள். வாய்ப்பக்கம் கொஞ்சம் சூடாக இருப்பது வழமை, இரண்டு சுவரும் அங்கேதான் சேர்கின்றன. பிறகு தலைகீழாகப் பிடித்துக் குலுக்குங்கள். 18/8 அல்லது 304 என்று அடியில் இருந்தால் நல்லது, 18 வீதம் குரோமியம், 8 வீதம் நிக்கல் என்று அர்த்தம். 201 என்பது நிக்கல் குறைந்தது, எங்கள் உப்புக் காற்றுக்கும் தேசிக்காய்த் தண்ணிக்கும் அது தாக்குப் பிடிப்பது குறைவு. அச்சடிப்பதை எவரும் அச்சடிக்கலாம் என்பதையும் மறக்க வேண்டாம்.

இன்னொன்று. அடியில் உள்ள மூடித்தகடு கழன்றால் அந்தப் பாத்திரத்தைப் பாவிக்க வேண்டாம். வெற்றிடத்தை அடைக்கிற இடத்தில் கொஞ்சம் ஈயம் பாவிப்பதாகவும், அதை உருக்குத் தகடு மூடியிருப்பதாகவும் 2024 ஜனவரியில் ஸ்டான்லி கம்பனியே சொன்னது. பெயரில்லாத போத்தலில் என்ன வைத்து அடைத்தார்கள் என்று சொல்ல ஆளே இல்லை. விலை கூடினால் பிழை வராது என்றும் இல்லை. அதே வருடம் டிசம்பரில், மூடி கழன்று சுடுதண்ணி ஊற்றுப்படுகிறது என்று அமெரிக்காவில் மட்டும் 26 இலட்சம் ஸ்டான்லி கோப்பைகளைத் திருப்பி எடுத்தார்கள். பிராண்ட் வாங்குவதில் உள்ள உண்மையான இலாபம் இதுதான்: பிழை வந்தால் கேட்க ஒரு வாசல் இருக்கும். ஆனால் அந்த வாசல் லிங்கநகரில் இருந்து எவ்வளவு தூரம்?

விலை கூடியதை யார் வாங்கலாம் என்று கேட்டால், இரவு முழுக்கக் கடலில் நிற்கிறவர்களும், நைட் டியூட்டிக்காரரும், கொழும்பு லொறி ஓட்டுகிறவர்களும் என்பேன். அவர்களுக்கு அது தொழில் சாமான். பத்து வருசம் பாவித்தால் 13,500 ரூபா பெரிய காசு இல்லை. வருசத்துக்கு வருசம் வளர்ந்து, மாதத்துக்கு ஒரு பொருள் தொலைக்கிற வயதுக்கு அது எதற்கு?

வாங்கிக் கொடுக்க வசதி உள்ள பெற்றோரைக் குறை சொல்ல நான் எழுதவில்லை. உங்கள் உழைப்பு, உங்கள் பிள்ளை. வீட்டில் பாவிக்கட்டும், பயணத்தில் பாவிக்கட்டும். வகுப்புக்கு மட்டும் ஒழுகாத ஒரு சாதாரணப் போத்தல் கொடுத்து விடுங்கள் என்று கேட்கிறேன். அடுத்த பெற்றோர் கூட்டத்திலும் இதைக் கேட்கத்தான் போகிறேன், கோபிக்க வேண்டாம்.

அந்தத் தாயோடு நானும் கடைக்குப் போனேன். சுடுதண்ணி ஊற்றி, குலுக்கி, கடைக்காரர் முறைக்க முறைக்கப் பார்த்து, ஊதா நிறத்தில் ஒன்றை எடுத்தோம். நேற்று இடைவேளைக்கு அந்தப் பிள்ளை போத்தலோடு என் மேசைக்கு வந்தாள். "டீச்சர், உம்மா நல்லா இறுக்கிட்டா. தொறந்து தாங்க."

எனக்கும் திறக்க முடியவில்லை. பக்கத்து வகுப்பு சேர்தான் திறந்தார்.