கறுப்பு இழிவா?

நம் மக்கள் ஒருவரையொருவர் இழிவுபடுத்த ஆயிரம் வழிகளைக் கண்டுபிடித்து வைத்திருக்கின்றார்களென்றாலும், தோலின் நிறத்தைச் சொல்லிப் பரிகாசம் செய்வதைப்போல் மானக்கேடானது வேறொன்றிருப்பதாக நமக்குத் தோன்றவில்லை. பள்ளிக்கூடத்தில் பையன்கள் ஒருவனைக் "கரிச்சட்டி" என்கிறார்கள். உபாத்தியாயரும் சேர்ந்து சிரிக்கிறார். பெற்ற தாயே, "இவளை எவன் கட்டுவான்?" என்று மகள் காதில் விழும்படியாகவே பெருமூச்சு விடுகிறாள். அந்தப் பெண் பத்து வயதிலேயே, படம் எடுக்கும்போது பின்வரிசைக்குப் போய் ஒளிந்துகொள்ளக் கற்றுக்கொள்கிறாள். கேட்டால், விளையாட்டுக்குச் சொன்னோம் என்கிறார்கள். யாருக்கு விளையாட்டு என்று கேட்கின்றோம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், கோயிலில் கருங்கல்லுக்கு எண்ணெய் பூசி, அது இன்னும் கறுத்துப் பளபளப்பதைக் கண்டு கன்னத்தில் போட்டுக்கொள்ளும் பக்தர்தான், அதே நிறத்தில் தன் வீட்டில் குழந்தை பிறந்தால் முகஞ் சுளிக்கிறார். கிருஷ்ணன் கறுப்பென்று உருகி உருகிக் கதை சொல்லும் பாகவதரும் மருமகள் தேடும்போது "சிவந்த நிறம்" என்றுதான் விளம்பரம் கொடுக்கிறார். கல்லுக்குள்ள மரியாதை உயிருள்ள பெண்ணுக்கில்லை.

நிறமென்பதுதான் என்ன? தோலிலுள்ள சில உயிரணுக்கள் மெலனின் என்னும் நிறப்பொருளை உண்டாக்குகின்றன. அவ்வுயிரணுக்களின் எண்ணிக்கை கறுத்தவருக்கும் வெளுத்தவருக்கும் ஏறக்குறைய ஒன்றேயாகும். அவை உண்டாக்கும் நிறப்பொருளின் அளவும் தன்மையுந்தான் வேறு. கடும் வெயிலின் புற ஊதாக் கதிர்களிலிருந்து உடலைக் காப்பது அது. இதில் பூர்வஜன்ம பாவம் எங்கே வந்தது? நிறத்தைக் குறிக்கும் "வர்ணம்" என்ற சொல்லையே மக்களை மேல் கீழென்று பிரிப்பதற்கும் வைத்துக்கொண்ட நாட்டில் வேறெதை எதிர்பார்ப்பது!

இந்த வெட்கத்தை வைத்துப் பிழைக்க வியாபாரிகளும் வந்தார்கள். 1975-ல் கடைக்கு வந்த "ஃபேர் அண்ட் லவ்லி" பசை, உலகமெங்கும் கண்டனம் கிளம்பிய பிறகு, 2020-ல் "குளோ அண்ட் லவ்லி" எனப் பெயர் மாற்றிக்கொண்டது. பெயர்தான் மாறிற்று, வெளுப்பு மோகம் போகவில்லை. பேர் ஊர் தெரியாத சில பசைகளிலோ பாதரசமே கலந்திருக்கிறது. கேரளத்துக் கோட்டக்கல்லில் சிறுநீரகம் கெட்டு வந்தவர்களில் பலர் இப்படிப்பட்ட பசை பூசியவர்கள் என்று மருத்துவர்கள் 2023-ல் வெளிப்படுத்தினார்கள்.

நிற்க, நம்மவர்களையும் சொல்லியாக வேண்டும். நம் இழிநிலைக்கு அறிகுறியாகக் கறுப்பையே உடுத்திக்கொண்டு 1945-ல் கருஞ்சட்டைப் படை கண்ட இயக்கம் இது. அப்படியிருந்தும், தாலி வேண்டாம், மந்திரம் வேண்டாம், ஜாதி வேண்டாமென்று மேடையில் முழங்கும் தோழர் சிலர், பெண் மட்டும் சிவப்பாக இருக்கட்டுமென்று தரகரின் காதில் ஓதுகிறார்கள். உடம்பில் கறுப்புச் சட்டை. உள்ளத்தில் வெள்ளைத்தோல் ஆசை! இதை எழுத நமக்கே வெட்கமாயிருக்கிறது.

பரிகாசத்துக்காளான இளைஞர்களுக்கு நாம் சொல்வது: "கறுப்பும் அழகுதான்" என்று எவரிடமும் மன்றாட வேண்டாம். அழகென்று பிறர் ஒப்புக்கொண்டால்தான் மரியாதை என்பது பிச்சை வாங்குவதாகும். பட்டப்பெயர் சொல்லி எத்தனை தடவை அழைத்தாலும் திரும்பாதீர்கள். பெயர் சொல்லி அழைத்தாலன்றிப் பதில் கிடையாதென்று உபாத்தியாயராயிருந்தாலும் முகத்துக்கு நேரே சொல்லுங்கள். பெண் பார்க்க வந்தவர்கள், "வெளிச்சத்துக்கு வாம்மா" என்றால், "முதலில் உங்கள் பிள்ளையை வந்து நிற்கச் சொல்லுங்கள், நானும் பார்க்க வேண்டும்" என்று அந்தப் பெண் சொல்லட்டும்.