ஸ்கேனில் தெரிவது ரிப்போர்ட்டிலும் வரட்டும்

விடாத இருமல் என்று வருபவருக்கு நெஞ்சு சி.டி. ஸ்கேன் எழுதித் தருகிறார் மருத்துவர். பார்ப்பவர்களின் கவனமெல்லாம் நுரையீரலில் இருக்கும். அதே படத்தில் இதயமும் பெருந்தமனியும் விழுந்திருக்கின்றன; அவற்றிலுள்ள ரத்தத்தின் அடர்த்தியை வைத்து ரத்தசோகை இருக்கிறதா என்று ஊகிக்க முடியும்.

சி.டி. படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண் உண்டு. தண்ணீருக்கு 0, காற்றுக்கு மைனஸ் 1000. முதல் சி.டி. கருவியை உருவாக்கி 1979இல் நோபல் பரிசு பெற்ற காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயர்தான் இந்த அலகுக்கும். ஆரோக்கியமான ரத்தம் ஏறத்தாழ 40இல் நிற்கும். ஹீமோகுளோபின் குறையக் குறைய எண்ணும் இறங்கும். இரும்புச்சத்து குறைவதே காரணம் என்று தோன்றலாம். உண்மையில் ஹீமோகுளோபினின் புரதப் பகுதிக்கே இதில் பெரும்பங்கு. 35க்குக் கீழே போனால் சந்தேகம் வலுக்கிறது.

சோகை கடுமையானால் அளக்கக்கூட வேண்டாம். வழக்கமாக ரத்தத்தோடு கலந்து தெரியும் இதயத்தின் நடுச்சுவர் தனியே வெளுத்துத் தெரியும். பெருந்தமனியின் சுவர் வளையமாகத் துலங்கும்.

இதற்காக யாரும் ஸ்கேன் மையத்துக்கு ஓட வேண்டாம். கதிர்வீச்சும் செலவும் வீண். ஒரு சாதாரண ரத்தப் பரிசோதனை போதும். கான்ட்ராஸ்ட் மருந்து செலுத்தி எடுத்த படத்தில் இந்தக் கணக்கு செல்லாது. கருவிக்குக் கருவி எண் மாறும், லேசான சோகை தப்பிவிடும்.

ஆனால் வேறு காரணத்துக்காக எடுத்த படத்தில் தெரிவதை ஏன் விட வேண்டும்? உள்நோயாளிக்கு எப்படியும் ரத்தப் பரிசோதனை நடந்துவிடும். வெளியிலிருந்து வந்து ஸ்கேன் மட்டும் எடுத்துக்கொண்டு போகிறவருக்குத்தான் இது உதவும். வயதானவரின் சோகைக்குப் பின்னால் குடலில் ரத்தக்கசிவோ புற்றுநோயோகூட இருக்கலாம். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. தமிழ்நாட்டில் 53 சதவீதம்.

பெருந்தமனியில் ஒரு வட்டம் போட்டு அளக்கச் சில நொடிகள்தான் ஆகும். எண் குறைவாக இருந்தால், 'ஹீமோகுளோபின் பார்க்கவும்' என்று ரிப்போர்ட்டில் ஒரு வரி சேர்ப்பதைக் கதிரியக்க மருத்துவர்கள் வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.