கையை நீட்டுகிற விசுவாசம்



மாற்கு சுவிசேஷத்தின் மூன்றாம் அதிகாரத்தில், ஓய்வுநாளில் ஜெப ஆலயத்திற்கு வந்திருந்த சூம்பின கையையுடைய ஒரு மனிதனைக் காண்கிறோம். அது அவனது வலது கை என்று லூக்கா குறிப்பிடுகின்றார். வலது கையால் உழைத்து உண்ணும் ஒருவனுக்கு அக்குறை எத்தகைய இழப்பு என்பதனை நாம் அறிவோம். ஆண்டவராகிய இயேசு அவனை நடுவே எழுந்து நிற்கச் செய்தார். அவர் அக்கையைத் தொட்டதாகவோ, அதன்மேல் எதையேனும் பூசியதாகவோ அங்கே எழுதப்படவில்லை. கையை நீட்டும்படி மாத்திரம் அவனிடம் கூறினார். எதனைச் செய்ய அவனால் இயலாதிருந்ததோ, அதனையே செய்யும்படி கேட்டார். அவன் நீட்டினான், கை சுகமாயிற்று.

கட்டளை கர்த்தருடையது. கையை நீட்டியது அந்த மனிதன். இவ்விரண்டையும் ஒன்றிலிருந்து ஒன்று பிரித்து விடுவதனால் நமது சபைகளில் விளையும் ஒரு துன்பத்தைக் குறித்தே இவ்வாரம் சிந்திக்க விரும்புகிறேன்.

சபரகமுவ மாகாணத் தோட்டங்களில் வாழும் நம்மவர்க்குக் கை என்பது வாழ்வாதாரம். இரத்தினபுரி, பலாங்கொடை, இறக்குவானை, காவத்தை, தெரணியகலை, எட்டியாந்தோட்டை எனத் தேயிலையும் இறப்பரும் பரந்து கிடக்கும் இப்பிரதேசம் மழைக்குப் பெயர் பெற்றது. பாசி படிந்த கல்லிலும், மலையின் கானோரத்திலும், லயத்தின் படிக்கட்டிலும் கால் வழுக்குவது இங்கே அன்றாட நிகழ்ச்சி. விழும் உடலைத் தாங்க முதலில் ஊன்றப்படுவது கை. சில வேளைகளில் மணிக்கட்டு முறிகின்றது. சில வேளைகளில் தோளுக்கும் முழங்கைக்கும் இடையேயுள்ள புய எலும்பு முறிகின்றது. வயது முதிர்ந்த பெண்களுக்கு எலும்பின் வலு குறைந்திருப்பதனால், சாதாரணமாக விழுந்தாலே தோளை அடுத்த பகுதி முறிந்து விடுகின்றது.

அத்தகைய முறிவுகள் பலவற்றுக்குச் சத்திரசிகிச்சை தேவைப்படுவதில்லை. கைத்தாங்கியோ பிளாஸ்டர் கட்டோ இட்டு, எலும்பு தானாகவே பொருந்த விடுகின்றனர். பெரும்பாலும் ஆறு முதல் பன்னிரண்டு கிழமைகளுக்குள் எலும்பு கூடி விடுகின்றது. கட்டை அவிழ்க்கும் அந்நாளில் வீட்டில் மகிழ்ச்சி உண்டாகின்றது. ஞாயிறு ஆராதனையில் சாட்சியும் சொல்லப்படுகின்றது. நன்றி செலுத்துதல் நல்லதே. ஆனால் பயணத்தின் பாதி அங்கேதான் தொடங்குகின்றது என்பதனை எத்தனை பேர் அறிந்திருக்கிறோம்?

வாரக்கணக்கில் அசையாதிருந்த தோள்மூட்டு இறுகி விடுகின்றது. மூட்டைச் சூழ்ந்துள்ள சவ்வு சுருங்குகின்றது, தசை மெலிகின்றது. எக்ஸ்ரே படத்தில் எலும்பு செம்மையாகத் தெரியும். கையோ தோளுயரத்திற்கு மேல் எழும்பாது. கொழுந்து பறிக்கும் சகோதரிக்கு இதன் பொருள் என்ன? இரு கைகளாலும் பறித்த கொழுந்தைப் பிடி நிறைந்தவுடன் தோளுக்கு மேலாகப் பின்புறக் கூடையில் போடும் அசைவை அவள் ஒரு நாளில் எத்தனையோ நூறு தடவைகள் செய்கின்றாள். தோள் எழும்பாவிட்டால் கூடை நிறையாது. கூடை நிறையாவிட்டால் முழுப்பேர் கிடையாது, அரைப்பேர்தான். தலைமுடி வாருவதும், உலையை இறக்குவதும், கொடியில் துணி போடுவதும் அவ்வாறே தடைப்படும். இறப்பர் மரத்தில் உயரமாகப் பால் வெட்டுகின்ற சகோதரனின் நிலையும் இதுவே.

இந்த இறுக்கத்தைத் தளர்த்துவதற்கே பிசியோதெரபி எனப்படும் இயன்மருத்துவம் வழங்கப்படுகின்றது. அரசாங்க வைத்தியசாலைகளில் அதற்குக் கட்டணம் இல்லை. பயிற்சிகளோ பார்வைக்கு மிக எளியவை. முன்புறம் குனிந்து, கையைத் தொங்கவிட்டு, மணிக்கூட்டின் ஊசல்போல் மெல்ல ஆட்டுவது ஒன்று. சுவரின்மேல் விரல்களை நண்டு நடப்பதுபோல் படிப்படியாக ஏற்றுவது இன்னொன்று. கம்பொன்றை இரு கைகளாலும் பிடித்து, நலமுள்ள கையின் உதவியால் நோயுற்ற கையை உயர்த்துவது வேறொன்று. இவற்றை எப்போது தொடங்குவது, எவ்வளவு செய்வது என்பதனை வைத்தியரும் இயன்மருத்துவருமே தீர்மானிக்க வேண்டும். ஆனால் அவர்கள் கற்பித்த பின்னர், நாளுக்குப் பல தடவை, மாதக்கணக்கில் அதனைச் செய்ய வேண்டியவர் நோயாளியே. தோள் தன் அசைவைப் பெருமளவில் மீளப்பெறப் பல மாதங்கள் செல்லலாம். சிலருக்கு ஓராண்டும் ஆகலாம்.

இங்கேதான் அநேகர் நின்று விடுகின்றனர். அவர்களைச் சோம்பேறிகள் என்று குற்றஞ்சாட்டுவது எளிது, நீதியன்று. தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 2021-ஆம் ஆண்டில் ரூ. 1,000 ஆகவும், 2024-ஆம் ஆண்டில் ரூ. 1,350 ஆகவும் உயர்த்தப்பட்டது. எனினும், கிளினிக் செல்லும் நாளில் பேர் விழாது என்ற நிலை மாறவில்லை. மலையுச்சித் தோட்டத்திலிருந்து பிரதான வீதிக்கு ஓட்டோ, அங்கிருந்து இரத்தினபுரிக்கோ கேகாலைக்கோ பஸ், மருமகளுக்கோ மகளுக்கோ துணைக்கு வந்த இழப்பு எனச் செலவு பெருகுகின்றது. இவையனைத்தும் "கையை ஆட்டிக் காட்டுவதற்காகவா?" என்ற கேள்வி வீட்டில் எழுகின்றது. அத்துடன் வலியும் சேர்கின்றது. மூன்றாம் வாரத்தில் பயணம் நிற்கின்றது; ஐந்தாம் வாரத்தில் வீட்டுப் பயிற்சியும் நிற்கின்றது.

இதனினும் கவலைக்குரிய காரணம் ஒன்றுண்டு. ஜெபித்தாயிற்று, சாட்சியும் சொல்லியாயிற்று. இனியும் பயிற்சிக்குச் செல்வது அவிசுவாசம் என்ற எண்ணம் நம்மிடையே நிலவுகின்றது. சிலர் அதனை வெளிப்படையாகவே கூறுகின்றனர். அன்பானவர்களே, இவ்வெண்ணம் வேதத்திற்கு ஒத்ததன்று.

சீரியப் படைத்தலைவனாகிய நாகமானை நினைத்துப் பாருங்கள். எலிசா தீர்க்கதரிசி தன்னெதிரே வந்து, கையை அசைத்து, ஒரே கணத்தில் குணமாக்குவார் என்று அவன் எதிர்பார்த்தான். கிடைத்ததோ, யோர்தானில் ஏழுதரம் முழுகும்படி ஓர் ஆள் மூலம் வந்த செய்தி. அவன் சினங்கொண்டு திரும்பினான். பெரியதொரு காரியத்தைச் சொல்லியிருந்தால் செய்திருப்பீரே என்று அவனுடைய ஊழியக்காரர் பணிவுடன் எடுத்துரைத்த பின்னரே அவன் இறங்கினான். முதல் முழுக்கிலோ மூன்றாம் முழுக்கிலோ அவன் உடலில் மாற்றம் ஏற்பட்டதாக வேதம் சொல்லவில்லை. ஆறாம் முழுக்கின்பின் கரையேறியிருந்தால் அவன் கதை எவ்வாறு முடிந்திருக்கும்? எளியது என்பதனாலேயே ஒரு காரியத்தை அற்பமாக எண்ணுவது நாகமான் காலத்திலிருந்தே மனிதருக்குள்ள குறை.

பெத்சாயிதாவின் குருடனையும் நினைவுகூருவோம். ஆண்டவர் முதல்முறை கைகளை வைத்து, எதையாகிலும் காண்கிறாயா என வினவினார். அவன் மறைக்கவில்லை, மனிதர் மரங்களைப்போல் தெரிகிறார்கள் என்று உள்ளதை உள்ளபடி கூறினான். ஆண்டவர் அவனைக் கடிந்துகொள்ளாது, மீண்டும் கைகளை வைத்தார். "கட்டு அவிழ்ந்தது, ஆனால் கை இன்னும் எழும்பவில்லை" என்று சபையில் கூறுவது சாட்சிக்குக் குறைவன்று. உண்மையைக் கூறியவன்தான் தெளிவான பார்வையைப் பெற்றான்.

கடல் கடந்து வேலூரைப் பார்ப்போம். அங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு 1946-ஆம் ஆண்டில் வந்த டாக்டர் போல் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன கைகளைச் சத்திரசிகிச்சையால் திருத்தும் பணியைப் பின்னர் அங்கே தொடங்கினார். தசைநாரை இடம் மாற்றிப் பொருத்துவதுடன் அப்பணி முடிந்து விடவில்லை. மாற்றப்பட்ட தசைநாரைக் கொண்டு விரலை அசைக்க நோயாளி புதிதாகக் கற்க வேண்டியிருந்தது. ஆகவே சத்திரசிகிச்சையுடன் பயிற்சியும் கைகோத்துச் சென்றது. அதே கல்லூரியின் இளம் வைத்தியர் மேரி வர்கீஸ் 1954-ஆம் ஆண்டில் வாகன விபத்தொன்றில் முதுகெலும்பில் காயமடைந்து, இரு கால்களின் இயக்கத்தையும் இழந்தார். நடக்கும் வரம் அவருக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. ஆயினும் கடும் பயிற்சியினால் உட்காரவும் இயங்கவும் கற்று, சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே தொழுநோயாளரின் கைகளுக்குச் சத்திரசிகிச்சை செய்தார். நியூயோர்க் சென்று மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். 1966-ஆம் ஆண்டில் வேலூரில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. 1972-ஆம் ஆண்டில் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருதளித்தது. 1986-ஆம் ஆண்டில் மறையும்வரை சக்கர நாற்காலியே அவரது இருக்கை. அவரது வாழ்வில் ஜெபமும் பயிற்சியும் ஒன்றையொன்று எதிர்க்கவில்லை. நாம் கேட்ட அளவில் சுகம் வராவிடினும், பெற்ற அளவைக் கொண்டு ஊழியம் செய்யலாம் என்பதற்கும் அவர் சான்று.

இனி, நோயாளியிடம் மட்டுமன்றிச் சபையிடமும் ஒரு வார்த்தை. அமலேக்கியரோடு யுத்தம் நடந்தபோது மலையுச்சியில் மோசேயின் கைகள் அசந்து போயின. ஆரோனும் ஊரும் அவரைக் கல்லின்மேல் உட்காரவைத்து, ஒருவர் இப்புறமும் மற்றவர் அப்புறமுமாகச் சூரியன் அஸ்தமிக்குமட்டும் அக்கைகளைத் தாங்கினர். கையை உயர்த்த முடியாத ஒருவருக்காக ஜெபித்துவிட்டு வீடு திரும்பும் சபை, ஆரோன் ஊர் ஆகியோரின் பணியைப் பாதியில் விட்டுவிடுகின்றது.

தாங்குதல் எவ்வாறு? காணிக்கையில் ஒரு சிறு பங்கைக் கிளினிக் செல்பவர்களின் பஸ் செலவுக்கென ஒதுக்கலாம். வாலிபர் சங்கத்தினர் முறைவைத்துத் துணைக்குச் செல்லலாம். மாதர் சங்கத்துச் சகோதரிகள் மாலையில் லயத்து வீட்டுக்குச் சென்று, அந்த அம்மாவுடன் சேர்ந்து தாங்களும் கையை உயர்த்தி, பயிற்சி முடிந்தபின் ஜெபித்து வரலாம். விரல்கள் சுவரில் எட்டிய உயரத்தைக் கரித்துண்டால் குறித்து, கீழே தேதியை எழுதி வைக்கலாம். நாளுக்கு நாள் தெரியாத முன்னேற்றம் மாதத்துக்கு மாதம் அந்தக் கோடுகளில் தெரியும். வேலை செய்யும்போது நேர்ந்த முறிவாயின், 1934-ஆம் ஆண்டின் 19-ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் உண்டு. விபத்தைத் தோட்ட நிர்வாகத்துக்கு உடனே அறிவித்துப் பதிவு செய்விக்கவும், கடிதம் எழுதவும், படித்த பிள்ளைகள் உதவலாம். இவை யாவும் ஊழியமே.

எச்சரிக்கையும் அவசியம். பயிற்சியின்போது இழுபடும் வலி சிறிது இருப்பது இயல்பு. ஆனால் வலி திடீரென மிகுதல், வீக்கம், விரல்கள் மரத்தல் அல்லது நிறம் மாறுதல், மணிக்கட்டு உயராது தொங்கி விடுதல் ஆகியன தென்பட்டால் உடனே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். இறுகிய தோளை எண்ணெய் பூசி எவரேனும் பலவந்தமாக முறுக்கி இழுக்க இடமளிக்கலாகாது. முறிவு நெரிவு வைத்தியரை நாடுவோரும் எக்ஸ்ரே பார்த்த வைத்தியரிடம் அதனை மறைக்காது கூறுதல் நன்று.

இதனை வாசிக்கும் அன்பான சகோதரியே, சகோதரனே, உங்கள் கை இன்று தோளளவுக்கே எழும்பக்கூடும். அதற்காக வெட்கப்பட வேண்டாம். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்று நம் முன்னோர் கூறினர். நிறுத்தி விட்டவர்கள் மீண்டும் இயன்மருத்துவரிடம் சென்று, இடையில் நின்றுபோனதைச் சொல்லி, எங்கிருந்து தொடங்குவது எனக் கேளுங்கள். தாமதமாகத் தொடங்குவது தொடங்காதிருப்பதினும் மேலானது. காலையில் ஜெபித்தபின் பயிற்சி செய்யுங்கள். மாலையிலும் அவ்வாறே செய்யுங்கள். சூம்பின கையை நீட்டச் சொன்னவர் உங்கள் லயத்து அறையின் சுவரருகேயும் நிற்கின்றார். அவரை நம்பி, இன்றைக்கு இயன்ற அளவு நீட்டுங்கள், நாளைக்கும் நீட்டுங்கள்.

கர்த்தர் உங்கள் கைகளின் பிரயாசத்தை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.